எட்டாயிரம் கீ

திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் கோதண்டம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார். பன்னிரண்டு பெண்களின் பெயர், பெயருக்கு எதிரே ஒரு எண். போன வாரம் அவரவர் கீபோர்டில் மணிக்கு எத்தனை கீ தட்டினார்கள் என்பதுதான் அந்த எண். எட்டாயிரத்தைத் தொட்டவர்கள் பிழைத்தார்கள். தொடாதவர்களின் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தன் கண்ணாடி அறைக்குள் போய்விடுவார்.

அன்றைக்கு இரண்டு வட்டம். வசந்தா, 5,560. கன்னியம்மா, 6,130.

கன்னியம்மா சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதன் முன்னால் நின்றாள். பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்த வியர்வை கழுத்தில் காயவில்லை.

"இன்னாம்மே, ரெண்டு பேரும் போன வாரம் பூரா கொறட்டை வுட்டீங்களா?" என்றாள் பக்கத்து நாற்காலி பத்மா. அவள் எண் 8,700. எப்போதும் அவள்தான் முதல்.

"நீ எத்தினி ஸ்லிப்பு போட்ட போன வாரம்?"

"ஆயிரத்தி ஐந்நூறு வரும். ஏன்?"

"நான் ஆயிரத்தி ஐந்நூத்தித் தொண்ணூறு. இப்ப சொல்லு, யாரு கொறட்டை வுட்டது?"

பத்மா காகிதத்தை ஒரு முறை பார்த்தாள், கன்னியம்மாவை ஒரு முறை பார்த்தாள். "அப்ப இது இன்னா எண்ணிக்கை?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறேன்."

"பையை வெச்சுட்டுப் போ. டிபன் பாக்ஸால அடிச்சன்னு கேஸு ஆய்டப் போவுது."

அது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த டேட்டா என்ட்ரி கம்பெனி. கீழே லேத் ஓடினால் மேலே தரை அதிரும். சுற்றியிருந்த தொழிற்சாலைகள் சரக்கு அனுப்பிய ஸ்லிப்புகள் கட்டுக்கட்டாக மாடியேறி வரும்; பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு டெர்மினல்களில் உட்கார்ந்து அவற்றைத் தட்டி ஏற்றுவார்கள். டெர்மினல் என்றால் ஒரு கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து, முன்னால் ஒரு கீபோர்டு. அதற்குச் சொந்தமாக மூளை கிடையாது. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே மூளை, ஏ.சி. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த யூனிக்ஸ் மெஷின். பெண்கள் டெர்மினலை டப்பா என்றுதான் சொல்வார்கள்.

ஸ்லிப்பை ஏற்றுவது பெரிய வேலையில்லை. தொல்லை கோடு நம்பரில் இருந்தது. ஸ்லிப்பில் சரக்கு வாங்கியவர் பெயர் இருக்கும், அவருடைய கோடு நம்பர் இருக்காது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பாதி ஏற்றிய ஸ்லிப்பை விட்டு வெளியே வந்து, மெனுவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மெனுவுக்குப் போய், பெயரைத் தேடி, கோடைப் பார்த்து, வந்த வழியே திரும்பி, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கோடுக்கு முப்பத்தோரு கீ. வாங்கியவர், அனுப்பியவர், சரக்கு என்று ஒரு ஸ்லிப்புக்கு மூன்று தடவை. போகிற வழியில் நம்பர் மறந்து போகும் என்பதால் எல்லாரும் இடது முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் ரயிலில் பார்த்தாலே தெரியும், எந்தக் கம்பெனிப் பெண்கள் என்று. கை முழுக்க நீல நீலமாக எண்.

இந்தக் கேவலத்தைப் பார்க்கப் பார்க்கக் கன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பி.எஸ்ஸி. கணக்கு. அவள் வீட்டில் மட்டுமல்ல, அண்ணனூர் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் அவர்கள் இருந்த வரிசையிலேயே முதல் டிகிரி அதுதான். இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. மெஷினைப் பழுது பார்க்க வந்த இன்ஜினீயர் ஜேம்ஸ் ஒரு டேப்பிலிருந்து ஏதேதோ இலவச புரோகிராம்களை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். யாரும் சீண்டவில்லை. அதில் ஸ்கிரீன் என்று ஒன்று இருந்தது. கன்னியம்மா அதன் விளக்கப் புத்தகம் மொத்தத்தையும் வீணான பிரின்டர் காகிதத்தின் பின்பக்கத்தில் அடித்து எடுத்து, ஒரு மாதம் மின்சார ரயிலில் நின்றபடி படித்தாள். எல்லாம் இங்கிலீஷ். பாதி புரியவில்லை. புரியாததை மறுநாளும் படித்தாள்.

புரிந்தது இவ்வளவுதான்: அந்த புரோகிராம் ஒரே டப்பாவுக்குள் மூன்று டப்பாவை வைத்துக் கொடுக்கும். ஒன்றில் ஸ்லிப், ஒன்றில் கோடு, ஒன்றில் சரக்கு இருப்பு. எதையும் விட்டு வெளியே வர வேண்டாம். இதிலிருந்து அதற்கு ஒரே தாவலில் போகலாம். எந்தக் கீயைத் தட்டினால் எங்கே தாவ வேண்டும் என்பதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்தால் போதும். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஃபைல்; சாதாரணமாகப் பட்டியல் கேட்டால் கண்ணில் படாது.

முதல் நாள் சொதப்பியது. அந்த புரோகிராம் கன்ட்ரோல்-ஏ என்பதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டது. இவர்களுக்கோ ஸ்லிப்பைச் சேமிக்கிற கீயே கன்ட்ரோல்-ஏதான். பதினோரு ஸ்லிப் தட்டிய பிறகுதான் ஒன்றுகூடச் சேமிப்பாகவில்லை என்று தெரிந்தது. கட்டளைக் கீயை எவரும் தொடாத ஒரு மூலைக்கு மாற்றி எழுதினாள். அப்புறம் மேல்வரிசையில் சும்மா கிடந்த எஃப் கீகளுக்கு வேலை கொடுத்தாள். எஃப்-ஒன்று ஸ்லிப், எஃப்-இரண்டு கோடு, எஃப்-மூன்று இருப்பு. முப்பத்தோரு கீ போன இடத்தில் இப்போது தேடுகிற பெயரின் மூன்று எழுத்து, போக ஒன்று, வர ஒன்று.

தன் டப்பாவில் போட்டாள். அடுத்து வசந்தாவின் டப்பாவில் போட்டாள். காரணம் வசந்தாவின் வலது மணிக்கட்டு.

வசந்தாவுக்கு நாற்பது வயது. திருமுல்லைவாயல். அவள் கணவன் பாஸ்கரன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிப் பதினான்கு மாதம். அவன் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே போராட்டப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வருவான். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வசந்தாவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய ஆர்டர் கொடுத்துத்தான் வேலையில் வைத்திருந்தார்கள். எட்டாயிரம் கீ தட்டித் தட்டி மணிக்கட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கிரேப் பேண்டேஜ் சுற்றி, மேலே வளையல் போட்டு மறைத்துக்கொண்டு வருவாள். எஃப் கீ வந்த ஒரே வாரத்தில் வீக்கம் பாதியாக வற்றியது. ஒரு நாளைக்கு இருநூற்று இருபத்தைந்து ஸ்லிப் போட்டவள் இருநூற்று நாற்பது போட்டாள்.

ஸ்லிப்பை யாரும் எண்ணவில்லை. எண்ணியது கீயை. அந்த மெனு புரோகிராமுக்குள் ஒரு எண்ணி உட்கார்ந்திருந்தது, வருகிற ஒவ்வொரு கீயையும் எண்ணிக்கொண்டு. வெளியே போன கீ, உள்ளே வந்த கீ, வழி தவறிய கீ எல்லாம் அதற்கு உழைப்பு. அந்த வெட்டி நடை நின்றதும் உழைப்பும் நின்றுவிட்டது. இதை முன்னாலேயே யோசிக்காதது கன்னியம்மாவின் தப்பு. ஆனால் யோசிக்கத் தோன்றினால்தானே.

கோதண்டம் பூந்தமல்லியில் இருபது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். பன்னிரண்டு கீபோர்டும் மழை மாதிரி கொட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"சார், அந்த நம்பர் தப்பு," என்றாள் கன்னியம்மா.

"மெஷின் போட்ட நம்பர்மா. மெஷின் தப்புப் போடாது."

"மெஷின் சரியாத்தான் எண்ணுது. நீங்க எண்ணச் சொன்னதுதான் தப்பு."

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றினார். அவள் நின்றபடியே சொன்னாள். முப்பத்தோரு கீ எப்படி ஐந்தானது, ஸ்லிப் எப்படி ஏறியது, வசந்தாவின் கை வீக்கம் எப்படி வற்றியது, எல்லாம் வரிசையாக. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப அந்த இருபத்தாறு கீயை நீங்க தட்டல. அதை நீயே ஒத்துக்கற," என்றார்.

"தட்டத் தேவையில்ல சார்."

"தேவையா இல்லையான்னு நீ முடிவு பண்ணக் கூடாது. மவுன்ட் ரோடு ஆபீஸ்ல ஒவ்வொரு சென்டருக்கும் இந்த எண்ணைத்தான் கேக்கறாங்க. பெரம்பூர் சென்டர் எட்டாயிரத்தி நானூறு. நம்பளுது உங்க ரெண்டு பேரால ஏழாயிரத்தி எண்ணூத்திச் சொச்சத்துல நிக்குது. நான் அங்க போய் இன்னான்னு சொல்றது? எங்க பொண்ணுங்க புத்திசாலிங்க, அதனால கையைக் கட்டிகினு உக்காந்திருக்காங்கன்னா?"

"ஸ்லிப்பு ஏறிக்கீதுன்னு சொல்லுங்க."

"உங்கப்பா இன்னா பண்றாரு?"

அவளுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தது. தெரிந்தும் நேராகவே சொன்னாள். "அண்ணனூர் ஷெட்டுல ரயில் பொட்டி கழுவறாரு. அதுக்கு முன்னாடி பாரிவாக்கத்துல அடுத்தவன் வயல்ல கூலி."

"அதான். உங்க ஆளுங்க ஒருத்தர் ரெண்டு எழுத்து படிச்சுட்டாப் போதும், அதுக்கப்புறம் ஒடம்பு வணங்காது. குறுக்கு வழி தேடும். நான் எத்தினி பேரைப் பாத்துட்டேன்."

கன்னியம்மாவுக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் அவருக்கு வசதி. அதனால் கத்தவில்லை.

"எங்கப்பாவை எத்தினி பொட்டி கழுவினன்னுதான் சார் கேக்கறாங்க. எத்தினி வாட்டி துடைச்சன்னு இதுவரைக்கும் எவனும் கேக்கல. துடைப்பம் புடிக்கறவங்களுக்குத் தெரிஞ்சது உங்க ஆபீசுக்குத் தெரியல."

"வாயி ரொம்ப நீளுது," என்றார் கோதண்டம். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்த திங்கள் அய்யாசாமி சார் வர்றாரு, ஹெட் ஆபீஸ்ல இருந்து. உன்ன பர்மனன்ட் பண்றதும் வசந்தாவோட ஆறு மாச ஆர்டரும் அவரு கையெழுத்து. நீ ட்ரெயினிங்ல கீற, உனக்கு இன்னும் டைம் குடுப்பாங்க. வசந்தாவுக்கு அது கிடையாது. எட்டாயிரம் இல்லன்னா அத்தோட ஊட்டுக்குப் போய்க்கலாம். நீ பண்ண வேலை. நீயே போய் அவகிட்ட சொல்லு."

சொன்னாள். வசந்தா எஃப்-இரண்டு கீயை ஒரு முறை தட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் எடுத்துரு கன்னி. பழையபடி வுட்டுரு."

"கை?"

"கை கெடக்குது."

கன்னியம்மா எஃப் கீகளை எடுத்துவிட, செவ்வாய்க்கிழமை காலை வசந்தா பழைய வழியிலேயே தட்டினாள். வெளியே, மெனு, உள்ளே, மறுபடி வெளியே. முன்கையில் நீல எண்கள் ஏறின. கண்ணாடி அறைக்குள் கோதண்டம் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குக் கன்னியம்மா திரும்பிப் பார்த்தபோது வசந்தா வலது கையை மடியில் போட்டுவிட்டு இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பேண்டேஜுக்கு வெளியே விரல்கள் சிவந்து, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"நிறுத்துக்கா."

"பேசாத. எண்ணிகினு கீறேன்."

"இன்னாத்தை எண்ற? அவன்தான் எண்றானே. நீ வேற எதுக்கு எண்ற?"

வசந்தா இடது கையால் அடுத்த ஸ்லிப்பை இழுத்தாள். அவள் கண் திரையில் இருந்தது. கன்னியம்மாவுக்கு அந்த நிமிஷம் கோதண்டத்தைவிட வசந்தா மேல்தான் அதிகக் கோபம் வந்தது. யாராவது ஒருத்தி எழுந்து நின்று கேட்க வேண்டாமா. பன்னிரண்டு பேர் இருக்கிறோம், பன்னிரண்டு பேரும் கையில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டு.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. பிரின்டர் காகிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ரயிலில் புரியாமல் தாண்டிப் போன பக்கங்களைப் படித்தாள். ஒரு கட்டளை இருந்தது. திணிப்பது என்று அதற்கு அர்த்தம். ஒரு எஃப் கீயோடு அதைச் சேர்த்து எழுதி வைத்தால், அந்தக் கீயைத் தட்டியதும் நாம் கொடுத்த எழுத்துகள் எல்லாம், யாரோ கையால் தட்டியது மாதிரியே, புரோகிராமுக்குள் போய் விழும்.

யாரோ கையால் தட்டியது மாதிரியே. அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

ஃபைலைத் திறந்து எஃப்-எட்டுக்கு ஒரு வரி சேர்த்தாள். ஒரு ஸ்பேஸ், அதை அழிக்கிற கீ. மறுபடி ஒரு ஸ்பேஸ், மறுபடி அழி. ஐம்பது ஜோடி. ஸ்லிப்பில் குறிப்பு எழுதுகிற காலி இடத்தில் கர்சரை வைத்து எஃப்-எட்டைத் தட்டினாள். கர்சர் ஒரு நொடி நடுங்கியது. ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் அழியவில்லை. எண்ணியைப் போய்ப் பார்த்தாள். நூறு ஏறியிருந்தது. முழங்கையை எஃப்-எட்டின் மேல் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள். அரை நிமிஷம். ஒன்பதாயிரத்து முந்நூறு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. இந்த முழங்கையை எட்டு மணி நேரம் இப்படியே வைத்திருந்தால் மவுன்ட் ரோட்டில் தனக்குச் சிலை வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க வா. இதைப் பாரு."

வசந்தா சோற்றுக் கையோடு வந்து பார்த்தாள். இரண்டு முறை காட்டியதும் புரிந்தது. முகம் மாறியது.

"திங்கக்கெழம அந்த அய்யாசாமி வரட்டும்," என்றாள் கன்னியம்மா. "அவரு எதிர்லயே, கோதண்டம் எதிர்லயே, முழங்கையை வெச்சுக் காட்டறேன். இதான் சார் உங்க எட்டாயிரம், ஒரு ஸ்லிப்பு போடாம பதினஞ்சாயிரம் காட்டறேன் பாருங்கன்னு சொல்றேன். அவங்க மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறாங்கன்னு பாப்போம்."

வசந்தா இலையை மடித்துத் தொட்டியில் போட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காட்டாத கன்னி."

"ஏன்?"

"நீ காட்டுவ. அவங்க மூஞ்சி செத்துப் போவும். அப்புறம்? இந்த டேப்பு மேட்டரையே தூக்கிக் கடாசிடுவான். பழைய மெனு வரும். எட்டாயிரம் எட்டாயிரமாவே இருக்கும். இந்தக் கை இப்படியே இருக்கும். அன்னிக்கே என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவான்." குரலைத் தாழ்த்தினாள். "அதை எனக்குப் போட்டுக் குடு. அந்த எட்டை. மத்த மூணையும் திருப்பிக் குடு."

"அது திருட்டுக்கா."

"யாருகிட்ட திருடறேன்? நான் இருநூத்தி நாப்பது ஸ்லிப்பு போடறேன். போடறனா இல்லையா?"

"போடற. அதனாலதான் சொல்றேன், நீ ஒழுங்கா வேலை செய்யறவ. நீ எதுக்குப் பொய் நம்பர் காட்டணும்? தப்பு அவங்க மேல கீது."

"உனக்கு நியாயம் வேணும். வெச்சுக்கோ. எனக்கு ஆர்டர் வேணும்." வசந்தா பேண்டேஜின் நுனியை இழுத்து இறுக்கினாள். "எங்க ஊட்டுக்காரரும் நியாயம்தான் கேட்டாரு. பதினாலு மாசமா பந்தல்ல உக்காந்து கேட்டுகினு கீறாரு. ஒரு ஊட்டுக்கு ஒரு ஆள் நியாயம் கேட்டாப் போதும்."

கன்னியம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒவ்வொன்றும் சரியானது. அவளே நம்புவது. ஆனால் அதில் எதைச் சொன்னாலும் செலவாகப் போவது வசந்தாவின் வேலை, தன்னுடையது இல்லை என்பது தெரிந்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வசந்தாவின் ஃபைலைத் திறந்தாள். எஃப்-ஒன்று, இரண்டு, மூன்றைத் திரும்ப எழுதினாள். நான்காவதாக எட்டை எழுதினாள். எழுதும்போது கீபோர்டு மேஜையில் குதித்தது.

"மணிக்கு இருவத்தஞ்சு தபா. அதுக்கு மேல வேணாம், பத்தாயிரம் வந்துட்டா வேற கேள்வி வரும். நாளு பூராப் பிரிச்சுப் பிரிச்சுத் தட்டு."

"நீயும் போட்டுக்கோ."

"எனக்கு வேணாம்."

"லூசா நீ? உனக்கும்தான் வட்டம் போட்டுக்கீறான்."

"எனக்கு வேணாம்னேன்."

அந்த வாரம் முழுக்க வசந்தா இருபத்தைந்து தடவை என்பதை ஜெபம் மாதிரி கடைப்பிடித்தாள். பத்மா பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, எட்டை மட்டும் அப்பப்பக் குத்திகினு கீறீங்க, வேண்டுதலா?" என்று கேட்டாள். கன்னியம்மா முறைத்ததும் புரிந்துகொண்டு குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து பத்மாவின் கீபோர்டு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தம் போட்டது. "அவரு காதுக்குத்தானே வேணும். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே அடிச்சுக் குடுத்துடறேன்," என்றாள்.

திங்கட்கிழமை புதிய காகிதம் வந்தது. வசந்தா, 8,040. கன்னியம்மா, 6,150. ஒரே ஒரு வட்டம்.

அய்யாசாமி பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான, தலை நரைத்த, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கன்னியம்மா அவரை ஒரு ராட்சசனாக நினைத்து வைத்திருந்தாள். அவர் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் தண்ணீர் கேட்டார். அதற்கும் கோபம் வந்தது. கோபப்படக்கூட ஒழுங்கான ஆள் இல்லை.

காகிதத்தையும் போன வாரக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த வசந்தா போன வாரம் ஐயாயிரத்தி ஐந்நூறு. இந்த வாரம் எட்டாயிரமா? எப்படிங்க?"

அறையில் பத்மாவின் கீபோர்டுகூட நின்றுவிட்டது. வசந்தா தலையைத் தூக்கவில்லை. கன்னியம்மாவின் நாக்கு நுனியில் ஐம்பது ஜோடியும் வரிசையாக நின்றன.

கோதண்டமே பதில் சொன்னார். "கூப்புட்டுக் கண்டிச்சேன் சார். டைப்பிங்ல டிசிப்ளின்தானே எல்லாம். இருவது வருஷ சர்வீஸ், எனக்குத் தெரியாதா. இந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சு. அந்தப் பொண்ணு," என்று கன்னியம்மாவைக் காட்டினார், "கேக்கல. பட்டதாரி."

அய்யாசாமி வசந்தாவின் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம். கன்னியம்மா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து முடிந்து அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பும் விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சார், என் நம்பர் ஆறாயிரம்தான். நான் போட்ட ஸ்லிப்பு எத்தினின்னு கேளுங்க."

"எத்தனைம்மா?"

"ஆயிரத்தி ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. இந்த ஹால்ல இருக்கற பன்னெண்டு பேர்லயும் அதான் ஜாஸ்தி. ஒரு ஸ்லிப்பு தப்பு கெடையாது. எடுத்துப் பாருங்க."

அய்யாசாமி தன் ஃபாரத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. நிஜமாகவே தேடினார். "இதுல ஸ்லிப்புக்குக் கட்டம் இல்லியேம்மா," என்றார். "கீக்குத்தான் கட்டம் கீது. நான் எங்க எழுதறது?"

அவர் கேட்டது கிண்டலில்லை. அதுதான் கன்னியம்மாவால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு கட்டம் இல்லாததால் ஒருத்தி வேலை செய்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. நிரந்தரத்தை இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போட்டு எழுதினார். கோதண்டம், வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் வேலை கற்றுக்கொள்ளும்படி கன்னியம்மாவுக்கு உத்தரவு போட்டார். மற்றவர்களிடமும் வசந்தாவைக் காட்டி, "பாத்துக்குங்க, வயசான காலத்துல இந்தம்மா எப்படி முன்னேறிச்சு," என்றார்.

சாயங்காலம் பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் வசந்தா அவளைத் தேடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என் மேல கோவமா கீறியா?"

"ஆமா."

"நீ வாயைத் தொறந்ததும் எனக்கு உசுரே போச்சு."

"கையெழுத்து வரட்டும்னுதான் நின்னேன். உன் பேரை எடுக்க மாட்டேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கீது."

வண்டி வந்தது. வசந்தா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் பையை வைத்துக் காத்திருந்தாள். கன்னியம்மா கதவோரம் நின்றுகொண்டே திருமுல்லைவாயல் வரைக்கும் வந்தாள். இறங்கும்போது வசந்தா அவள் தோளைத் தொட்டாள். கன்னியம்மா திரும்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கன்னியம்மா அரை மணி முன்னாலேயே வந்துவிட்டாள். கோதண்டம் காகிதத்தை ஒட்டிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனதும் ஒரு ஸ்கேலையும் நீலப் பேனாவையும் எடுத்துப் போய், காகிதத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். மேலே ஸ்லிப் என்று தலைப்பு எழுதினாள். தன் பெயருக்கு எதிரே 1,602.

"பத்மா, உன்னுது?"

"ஐயோ, என்னை இழுக்காத." ஆனால் ஒரு நொடியில் அவளே சொன்னாள். "ஆயிரத்தி ஐந்நூத்தி ரெண்டு. நல்லா எழுது, ரெண்டு தெரியல."

ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். சிலர் சொன்னார்கள், சிலர் தெரியாது என்றார்கள். வசந்தாவிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் தாண்டிப் போனாள்.

"ஆயிரத்தி நானூத்தி நாப்பத்தி நாலு," என்றது பின்னாலிருந்து வசந்தாவின் குரல். "எழுதுடி. நான் போட்டதுதான் அது."

பத்தரை மணிக்குக் கோதண்டம் வெளியே வந்து பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி அந்த ஓரத்தை மட்டும் நேராகக் கிழித்து, கசக்கிக் கூடையில் போட்டார். பெயரும் கீயும் சுவரிலேயே இருந்தன.

அதற்கடுத்த திங்கட்கிழமை கன்னியம்மா ஓரத்தைத் தொடவில்லை. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே மெஷின் விட்டிருந்த வெற்றிடத்தில், இரண்டு பக்கமும் அழுத்தமாகக் கோடு போட்டு, அதற்குள் பன்னிரண்டு ஸ்லிப் எண்ணிக்கையையும் எழுதினாள். இந்த முறை பன்னிரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். கிழிக்கிறதானால் கோதண்டம் தன்னுடைய எட்டாயிரத்தையும் சேர்த்துத்தான் கிழிக்க வேண்டும்.